நாலு குழல் துவக்கு

திருகோணமலைத் துறைமுகத்தடியில் உள்ள சின்ன அருங்காட்சியகத்தின் காவலாளி இடது காலை இழுத்து நடப்பார். எல்லாக் கண்ணாடி அலுமாரியையும் முன்னுக்கு நின்று துடைப்பவர், ஒன்றை மட்டும் பக்கத்தில் ஒதுங்கி நின்றுதான் துடைப்பார். அதற்குள் இருந்தது, வாத்தின் கால்விரல்போல நாலு குழல் விரிந்த பழைய கைத்துவக்கு.

"அதுக்குள்ள குண்டு இல்லைத்தானே, ஐயா?" என்று சிரித்தேன்.

"இல்லைத் தம்பி. இதால ஒரு ஆளை மட்டும் சுட ஏலாது. பக்கத்தில நிக்கிறவனுக்கும் படும். அதால ஒருத்தரும் வாங்கேல்லையாம்."

"நல்ல காலம்."

"ஓம். பிறகு வந்த துவக்குகள் குறி தப்பாதெண்டு நல்லா விலைப்பட்டதாம்." துணியை மெல்ல உதறினார். "நான் சும்மா பக்கத்தில நிண்டனான்."

என் பார்வை அவருடைய இடது காலுக்குப் போனது. வெளியே வரும்போது நானும் அந்த அலுமாரிக்குப் பின்னால் சுற்றித்தான் வந்தேன்.