பங்கருக்கு ஓடியவரின் இடுப்பு நோ

சுன்னாகப் பக்கத்து டிஸ்பென்சரி ஒன்றில் நான் டொக்டர் இல்லாத இடத்தில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியாக இருந்த காலத்தில், நோயைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஓர் அருமையான கருவி இருந்தது: முற்றத்தில் வெட்டிய பதுங்குகுழி, அதாவது பங்கர். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் நோக்குளிசை, அதாவது வலி மாத்திரை, கிடைப்பது அரிது. குண்டுபோடும் பொம்மர் விமானம் வரும்போது மருந்துக்கு வரிசையில் நிற்பவர்களில் யார் நொண்டாமல் ஓடுகிறார் என்று பார்த்துவைப்போம். ஓடியவருக்கு நோ இல்லை. ஆகவே குளிசையும் இல்லை. இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒருவரும் எங்களுக்குப் பதக்கம் தரவில்லை.

செபமாலை குருநகர்க் கடற்றொழிலாளி. இடம்பெயர்ந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தார். வள்ளத்தில் விழுந்ததில் இடுப்பு நோ. இடுப்பிலிருந்து கையை எடுக்கமாட்டார். வாயைத் திறந்தால், “இது மாறாது டொக்டர். இனி நான் கடலுக்குப் போகேலாது” என்பார். அப்போதிக்கரியையும் சனங்கள் டொக்டர் என்பார்கள், நான் மறுத்ததில்லை.

ஒருநாள் பொம்மர் இரைந்தது. செபமாலை, நடக்கமாட்டாத ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தார். வெளியே வந்ததும், வரிசை முழுவதற்கும் கேட்கும்படி கேட்டேன்:

“என்ன காணும், உம்மடை நோ பொம்மரிலை ஏறிப் போட்டுதோ?”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

“அப்ப தெரியேல்லை டொக்டர். இப்பதான் நோகுது.”

“உது மனசிலை வாற பொய் நோ. போய்ப் பேசாமல் கிடவும்.”

அடுத்த கிழமை பங்கர்ப் படியில் வழுக்கி என் மணிக்கட்டு முறிந்தது. அன்று வந்த காயக்காரருக்கு மருந்து கட்டி முடியும்வரை அது எனக்கு வெறும் வீக்கம்தான். வீட்டில் சும்மா இருந்தபோதுதான் ‘இந்தக் கை இனி உதவாது’ என்ற எண்ணம் வந்தது. நினைக்க நினைக்க நொந்தது. நோக நோக நினைத்தேன். ஆனால் என் நோவைப் பொய் என்று நான் சொல்லவில்லை. படித்தவனல்லவா.

கட்டோடு செபமாலையிடம் போக வெட்கம். ஆறு கிழமை கழித்துக் கட்டு அவிழ்த்த பிறகே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சுவரைப் பார்த்தபடி பாயில் கிடந்தார். நான் ‘கிடவும்’ என்றதைக் கட்டளையாக எடுத்து எழும்பவேயில்லை. கால் மெலிந்து மடங்கியிருந்தது.

“பொய் நோவே இப்பிடியெண்டால், உண்மை நோ எப்பிடியிருக்கும் எண்டு யோசிச்சுக்கொண்டு கிடக்கிறன் டொக்டர்.”

அதில் கேலி இல்லை. என்னை நம்பியிருந்தார்.

கிழிந்த வலை ஒன்று தேடிக் கொடுத்தேன். அதன் கிழிசலைப் பொத்தித் தைக்கும் நேரம் இடுப்பை மறந்தார். கால் மட்டும் நிமிரவில்லை. பிறகு அவர் வள்ளம் ஏறவுமில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நோயாளி ஓடினால், ஓடினார் என்று மட்டும் எழுதுங்கள். நோகவில்லை என்று எழுத, அந்த இடுப்பு உங்களுடையதல்ல.