காலி சீட்டின் பெல்ட்

டிங்… டிங்… டிங்…

காரின் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம்.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் இது நடந்தது. இதை அனுபவித்த மெக்கானிக், பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே "வேற வேலை இல்லையா உங்களுக்கு?" என்று எழுந்து போகிற ஆள். இப்போதெல்லாம் எழுந்து போவதில்லை. உட்கார்ந்து கேட்கிறான்.

அது அவன் அக்கா கணவரின் எலெக்ட்ரிக் கார். காலி சீட்டின் குறுக்கே எதற்கு பெல்ட் மாட்டியிருக்கிறது என்று அவன் கழற்றினான். உடனே அலாரம் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"அதக் கழட்டாத மாப்ளே. சென்சார் கெட்டுப்போச்சு." அக்கா கணவர் பதறிக் குனிந்து பெல்ட்டைத் திரும்ப மாட்டினார். சத்தம் நின்றது. "நீ பிரேக்கை மட்டும் பாரு. மிதிச்சா வண்டியே நடுங்குது. வாங்குறவன் ஓட்டிப் பாத்தா ஓடியே போயிடுவான்."

அக்கா செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவளுடைய துணி அலமாரி காலியாகிவிட்டது. தையல் மெஷினும் போய்விட்டது. இப்போது கார். அவள் புழங்கிய ஒவ்வொன்றையும் தலைமுழுகிக்கொண்டிருந்தார் மனுஷன்.

வாசல் படியில் வழுக்கி விழுந்தாள், மண்டையில் அடி, அன்றைக்குக் காரைத் தொடவே இல்லை, ஆம்புலன்ஸில்தான் கொண்டுபோனேன்… இதுதான் அவர் எல்லோரிடமும் ஒப்பித்தது. அந்த வாசலில் இருப்பது மூன்றே படி. மூன்று படியில் விழுந்தா என் அக்கா செத்தாள்? இந்தக் கேள்வி மெக்கானிக்கின் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கேட்டுவிடாதே, உறவு அறுந்துவிடும் என்று அம்மா அவன் வாயைக் கட்டியிருந்தாள்.

அவன் வேலையைப் பார்த்தான்.

இந்த வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும், மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும். அப்படிக் குறையும்போது நடுக்கம் இல்லை. பிரேக் பெடலை மிதித்தால்தான் நடுக்கம். ஆக, மோட்டார் இல்லை, டயரும் இல்லை. சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்.

முன் சக்கரங்களைக் கழற்றி டிஸ்க்கைத் துடைத்தான். கை அப்படியே நின்றது. பளபளப்புக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒரு தழும்பு. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடின் அச்சு. தலைதெறிக்கிற வேகத்தில் வந்து, ஒரே மிதியில் நிறுத்தி, பெடலிலிருந்து காலை எடுக்கத் தோன்றாமல் வெகுநேரம் உறைந்து உட்கார்ந்திருந்தால்தான் இப்படிப் பதியும்.

"எங்கயாவது திடீர்னு பிரேக் அடிச்சீங்களா மாமா?"

"நானா? என் வண்டியை சைக்கிள்காரன்லாம் முந்திட்டுப் போவான்."

"முன் கண்ணாடி புதுசா இருக்கு?"

"கல்லு பட்டுடுச்சு."

அக்கா சொன்னது வேறு. "உங்க மாமா ஓட்டுற ஓட்டுக்கு எனக்குத்தான்டா கால் வலிக்குது" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவாள். அவள் பக்கத்துக் கால்மிதியில் ஒரு இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். "உன் பக்கமும் ஒரு பிரேக் வச்சுத் தரேன்க்கா" என்று இவன் கிண்டல் செய்திருக்கிறான்.

புது டிஸ்க் போட்டான். புது பேட். கோணல் பார்க்கும் கருவியை வைத்துச் சுற்றினான். முள் அசையவில்லை, டிஸ்க்கில் துளி கோணல் இல்லை. கையோடு காலி சீட்டின் பெல்ட்டைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் இருந்த அலாரம் ஒயரையும் பிடுங்கிவிட்டான்.

"வாங்க மாமா, ஒரு ரவுண்டு போய்ப் பாத்துடலாம்."

அவர் பின் கதவைத் திறந்தார்.

"முன்னாடி வாங்க."

"இல்ல… இங்கயே சௌகரியம்."

கிடங்குகளுக்குப் பின்னால் நீளமான சாலை. பொழுது சாய்ந்துவிட்டது. மோட்டாரில் சத்தமே இல்லை. பின்னால் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

முதல் பிரேக். துளி நடுக்கம் இல்லாமல் நின்றது.

"பாத்தீங்களா?" என்றபடி வேகத்தைக் கூட்டினான்.

டிங்…

மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். காலி சீட். பிடுங்கிய ஒயர் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

டிங்… டிங்…

அவன் பிரேக்கை மிதித்தான்.

கார் நடுங்கியது.

டிஸ்க் கோணலால் வரும் நடுக்கம் வேகம் குறையக் குறையக் குறையும். அது அவனுக்கு மனப்பாடம். இது குறையவில்லை. கூடியது. அவன் காலுக்கு அடியில் பெடல் தானாக அமுங்கியது. எழும்பியது. அமுங்கியது…

இன்னொரு கால் சேர்ந்து மிதிக்கிற மாதிரி.

கார் நின்றுவிட்டது.

பெடல் நிற்கவில்லை.

அவன் காலை எடுத்துவிட்டான்.

பெடல் தானாக… தடக்… தடக்… தடக்…

பக்கத்து சீட்டின் கால்மிதியைப் பார்த்தான். அந்தத் தேய்ந்த இடம்.

அமுங்கியது.

எழும்பியது.

அமுங்கியது…

டிங்… டிங்… டிங்…

"மாமா…" அவன் பின்னால் திரும்பினான்.

பின் சீட்டிலிருந்து பதில் வந்தது. அது அவனுக்கு வந்த பதில் இல்லை. அக்கா கணவர் காலி சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதனிடம்தான் பேசினார்.

"பெல்ட்டைப் போடுடின்னு அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன்… நீதானே கேக்கல."