நெட்போனைப் பாதுகாப்பாகக் கழற்றியவன்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் எதையாவது மாட்டிக் கொடுத்தால் டீ வாங்கித் தருவார்கள். கழற்றும்போது ஏதாவது ஆனால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதே பிழைப்பில் லோல்பட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிராட்பேண்ட் எங்கள் பக்கம் நுழைந்த புதிதில் சிவகாசியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். அப்போதுதான் நெட்போன் வந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா. ஒரு பக்கத்தைக் கம்ப்யூட்டரின் யுஎஸ்பியில் செருகி, மறுபக்கத்தில் சாதாரண டெலிபோனை மாட்டினால் வெளிநாட்டுக்கு மணிக்கணக்கில் பேசலாம். பேசி முடித்து வெடுக்கென்று பிடுங்கினால் மட்டும் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். அதனால் போன இடமெல்லாம் "பாதுகாப்பாகக் கழற்றுங்கள்" என்று உபதேசம் செய்துகொண்டு திரிந்தேன். என் படிப்பைக் கேட்காதீர்கள், ஆறு மாத டிப்ளமோ.

மணல் வாளி

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனி ஆபீஸ். முதலாளி தினமும் சாயங்காலம் நெட்போனைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோவார். அதைக் கழற்றிக் கொடுக்கும் பொறுப்பு போர்மேன் கருப்பசாமி அண்ணாச்சிக்கு. முப்பது வருஷம் வெடிமருந்தோடு புழங்கியும் கையில் ஒரு தழும்புகூட இல்லாத மனிதர். அவரிடம் போய், "பாதுகாப்பா கழட்டணும் அண்ணாச்சி, இல்லேன்னா போச்சு" என்று சொன்னேன். எப்படி என்று சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

தினமும் கம்ப்யூட்டர் நின்றுபோகிறது என்று நாலாம் நாளே கூப்பிட்டு விட்டார்கள். போனால், கம்ப்யூட்டர் மேஜையடியில் இரண்டு சிவப்பு வாளிகள். ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர். "எப்படிக் கழட்டுனீக?" என்று கேட்டேன். செய்தே காட்டினார். ஆபீஸில் இருந்தவர்களை வெளியே அனுப்பினார். செருப்பைக் கழற்றினார். மருந்து ரூம் வாசலில், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அங்கே நடந்து போய் உள்ளங்கையை வைத்துவிட்டு வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை எட்டி நீட்டி, ஒரே இழுப்பு. கம்ப்யூட்டர் நின்றது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் பச்சை அம்புக்குறி ஒன்று இருக்கிறது, அதை அமுக்கி நிறுத்திவிட்டுத்தான் இழுக்க வேண்டும் என்று அப்புறம்தான் வாயைத் திறந்தேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா நாலு நாளா அம்புட்டுப் பேரையும் வெயில்ல நிப்பாட்டுனேன்?"

பிறகு முயலவும்

அந்த அவமானத்தில் செய்முறையை ஒரு தாளில் எழுதி, ஊரெல்லாம் ஒட்டினேன். காலண்டர் அச்சடிக்கும் ஆபீஸ் ஒன்றில் மேனேஜர் பொன்ராஜ் அண்ணாச்சி தாளைப் பார்த்து அட்சரம் பிசகாமல் செய்தார். "இப்போது நிறுத்த முடியாது, பிறகு முயலவும்" என்று இங்கிலீஷில் வந்தது. பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி அமுக்கினார். அதே பதில். அவர் மரியாதை தெரிந்தவர், காத்திருந்தார். சீசன் நேரம், மெஷின் பக்கம் போகாமல், மத்தியானச் சாப்பாட்டையும் பிரிக்காமல் மூன்று மணி வரை நாற்காலியிலேயே இருந்திருக்கிறார்.

போன் புரோகிராமை முதலில் மூட வேண்டும். அது ஓடிக்கொண்டிருக்கும் வரை டப்பா நிற்காது. அந்த ஒரு வரியைத்தான் நான் தாளில் எழுதாமல் விட்டிருந்தேன். நேரில் போய், அவர் கண்ணெதிரே பேனாவால் எழுதிச் சேர்த்தேன்.

"லைசென்சுக்கு அலைஞ்சப்பக்கூட என்னைய இத்தனை தடவ பெறகு வான்னு யாரும் சொன்னதில்லலே!"

சம்மதம்

விருதுநகரில் நூர்ஜஹான் அக்கா வீடு. அவர் கணவர் இப்ராஹிம் பாய் பினாங்கில் கடை வைத்திருந்தார். மகள் ஷமீமாவுக்கு வரன் பார்த்தார்கள். "பொண்ணோட அத்தா ஊரில் இல்லை, யாரிடம் பேசுவது" என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இந்த மாப்பிள்ளையின் அத்தா காதர் பாய், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, இப்ராஹிம் பாயின் வாயால் சம்மதம் கேட்டுக்கொண்டு போவதாக ஏற்பாடு. அன்றைக்கு நான் கூடவே இருக்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார்.

போன் அருமையாகக் கிடைத்தது. காதர் பாய் பேசிக்கொண்டிருந்தார். சும்மா இருந்தால் நான் யார் என்று தெரிய வேண்டாமா? என் பென்டிரைவைச் செருகி வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பென்டிரைவைப் பாதுகாப்பாகக் கழற்றப் பச்சை அம்புக்குறியை அமுக்கினேன். ஒரே மாதிரி இரண்டு பெயர்கள் வந்தன. மேலே இருந்ததைத் தொட்டேன். "இப்போது நிறுத்த முடியாது" என்றது. அப்படிச் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவன் நான். கை தன்னால் போய் போன் புரோகிராமை மூடியது. மறுபடி "நிறுத்து". இந்தத் தடவை ஒழுங்காக நின்றது, போன்.

காதர் பாய் அப்போதுதான், "உங்களுக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டிருந்தார். பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு எழுந்தார். "அவுகளுக்குச் சொல்லப் பிரியமில்ல போல" என்றார். அக்கா முகம் செத்துவிட்டது. உள்ரூம் கதவோரம் ஷமீமாவின் துப்பட்டா அசைந்து விலகியது. லைன் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். "உக்காருங்க பாய், போனை நிறுத்தினது நான்தான்" என்றேன். டப்பாவைக் கழற்றி மாட்டி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, மறுபடி பினாங்கைப் பிடிக்கப் பத்து நிமிஷம். காதர் பாய் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டவர், கடகடவென்று சிரித்தார். அங்கே இப்ராஹிம் பாய் சம்மதம், சம்மதம் என்று மூன்று தடவை சொல்லியும் பதில் வராமல், மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் பிடிக்கவில்லை என்று கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தாராம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு சர்பத் கொண்டுவந்து கொடுத்தார்.

"குடிங்க தம்பி. ஆனா நிக்காஹ் முடியுற வரைக்கும் இந்த வீட்டுல எதையும் பாதுகாப்பா கழட்டிராதீக."

தெரியாமல் இழுத்தவர்கள் கையில் கம்ப்யூட்டர்தான் நின்றது. முறை தெரிந்த என் கையில் ஒரு கல்யாணமே நின்றிருக்கும்.