அண்ணி ஆற்றில் இறங்கிய கதை

மூடி போட்ட இரண்டு பால் வாளிகளை இடுப்பின் இரு பக்கமும் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கியவர் உலகத்திலேயே என் அண்ணி ஒருவராகத்தான் இருக்கும். இப்போது நினைத்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், மலாயாவில் மூவாரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. ரப்பர் பால் வெட்டும் இடத்துக்குப் போக, ஆற்றின் குறுக்கே கிடந்த ஒற்றை மரத்தைக் கடக்க வேண்டும். நான் பேசிக்கொண்டே நடந்துவிடுவேன். கல்யாணமாகிக் கப்பலில் வந்திறங்கிய அண்ணிக்கோ தினமும் கால் வெடவெடக்கும். தவறினால் உயிர் போய்விடும் என்ற பயம்.

"நீந்தத் தெரிஞ்சாத்தான் புள்ள இந்த நடுக்கம் விடும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டார். வெறும் வாளி மிதக்கும், அதோடு தானும் மிதக்கலாம் என்று நினைப்பு. நாலு அடி போனதும் ஒரு மூடி கழன்றது. வாளி நிறைய நிறைய அண்ணி அந்தப் பக்கமாகவே சாய்ந்து, ஆற்றின் இழுப்பில் நகரத் தொடங்கினார். நான் குதிக்கப் போனேன்.

"குதிக்காத! கம்ப நீட்டு, கம்ப!"

பால் சுமக்கும் காண்டாக் கம்பைக் கரையில் குப்புறப் படுத்து நீட்டினேன். நிறைந்த வாளியின் கட்டை அவிழ்த்துவிட்டு, கம்பைப் பிடித்து ஏறியவர், "அலமாக், ஒரு வாளி போச்சே! கங்காணிகிட்ட என்னத்தச் சொல்றது?" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

அதன் பிறகு வாளி இல்லை. இழுப்பில்லாத வளைவு, இடுப்பில் கயிறு, மறுமுனை என் கையில். மழை பெய்து ஆறு கலங்கினால் இறங்குவதே இல்லை. "பராக்கு பாத்துக் கயித்த விட்டே, தொலைச்சுடுவேன்!" என்று மிரட்டல் வேறு. மூன்று மாதத்தில் அக்கரை வரை போய்த் திரும்பினார்.

மழைக்காலத்தில் ஒருநாள், வேலை முடிந்து பாலோடு திரும்பினோம். வழுக்கும் மரத்தில் அண்ணி ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நடந்து அக்கரை சேர்ந்தார். எனக்கு என்ன சந்தோஷம்! அடுத்து நான் கால் வைத்தேன். கீழே ஆறு சுழித்து ஓடியது. எட்டு வருஷமாக நடந்த மரம்தான். அன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது. என் கால் நடுங்கியது.

"என்ன புள்ள, அங்கயே நிக்கிற?"

"அண்ணி, எனக்கு நீச்சல் தெரியாதே!"

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வாளியை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்து, என் வாளியையும் வாங்கிக்கொண்டார்.

"மெதுவா என் பின்னாலயே வா. வர்ற ஞாயித்துக்கெழம கயிறு ஒன் இடுப்புல லா."