ஆள் சேர்த்தால் பிரம்படி

மனு எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு வில்லங்கம் உண்டு: கையெழுத்து வாடிக்கையாளருடையது, எழுத்து நம்முடையது. யாருக்காவது கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் தூக்கம் கெட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். சப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் பிரிக்பீல்ட்ஸில், ஒரு துணிக்கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சுவரில் ஒட்டிய நோட்டீஸ்

எதிர்ச்சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அனுமதி இல்லாமல் ரப்பர் தோட்டத்து ஆட்களை வேலைக்குச் சேர்த்தால் ஜெயில், பிரம்படி. சேர்த்தவனுக்கு மட்டுமல்ல, அதற்குக் கடிதம் எழுதி உதவியவனுக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்காக அதைத் தினமும் நான்தான் உரக்கப் படித்தேன். 'எழுதி உதவியவன்' என்ற இடம் வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

அதே வாரம்தான், சயாமில் ரயில் பாதை போட என்று தோட்டங்களுக்கு லோரி வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. மூன்றே மாதம் என்றார்கள். போனவர்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. காஜாங் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவர் நான் படித்ததை முழுக்கக் கேட்டார். வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, "அப்படின்னா லோரியிலே ஏத்திட்டுப் போறவனுக்கு எத்தனை அடிங்க?" என்றார்.

நாலு மேசை

காதர் பாய்க்குக் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை. உள்ளூரில் எழுதினால் எழுத்தை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று ரயிலேறி என்னிடம் வந்தார். டவுன் கடையில் வேலை என்று முதலாளி கொடுத்த சீட்டும், அதில் தொழில் ஆபீஸ் முத்திரையும் இருந்தால் லோரியில் ஏற்றமாட்டார்கள். அவர் கடைக்குக் கீரையும் மரவள்ளியும் கொண்டுவரும் தோட்டத்து ஆட்கள் பதினோரு பேர், காலைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார்கள்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நோட்டீஸ் வேறு எதிரிலேயே இருந்தது. ஆனால் வாயில் வந்தது, "பாய், உங்க கடையிலே இருக்கிறதே நாலு மேசை" என்பதுதான். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மேசைக்கு மூணு பேரு தொடைக்கட்டும். அப்பவும் ஒரு ஆள் குறையுது, வேணும்னா நீங்க வந்துடுங்க."

உச்சியில் இருந்தவர்

பதினோரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். நாலாம் நாள், தொழில் ஆபீஸில் முத்திரை போடும் கிராணி ராஜமாணிக்கம் ஆளனுப்பிக் கூப்பிட்டார். செந்தூல்காரர், என் எழுத்தை நன்றாகத் தெரிந்தவர். என் முதுகு எத்தனை அடி தாங்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

முத்திரைக்காகப் பாய் கொடுத்த சீட்டுகளை மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் உச்சியிலும் லட்சணமாக ஒரு பிள்ளையார் சுழி. இருபது வருஷப் பழக்கம்; பேனாவைக் காகிதத்தில் வைத்தால் முதலில் விழுவது அதுதான். எழுதச் சொன்னவர் ஒரு முஸ்லிம் முதலாளி என்பதைக் கை யோசிக்கவில்லை. ராஜமாணிக்கம் தலையைத் தூக்காமலே பேசினார்: "பாய் கடையிலே பிள்ளையார் எப்ப அண்ணே வேலைக்குச் சேர்ந்தாரு? சப்பான்காரன் சாப்பிட்டுட்டு வரதுக்குள்ளே 786 போட்டு வேற எழுதிக் குடுத்திடுங்க."

பதினோராவது சீட்டு

வேர்க்க விறுவிறுக்க எழுதி, வெளியே காத்திருந்த பாயிடம் கையெழுத்தும் வாங்கி முடித்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். பத்துதான் இருந்தது. மிச்சம் ஒன்று அந்தப் பதினோரு பேரில் ஒருவரான வீரப்பனுடையது. முத்திரைக்குக் கொடுக்குமுன் பெண்டாட்டியிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வருகிறேன் என்று பாயிடம் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போயிருக்கிறார். நான் ஆபீசில் 786 போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே லோரி வந்துவிட்டது.

லோரியோடு வந்த மொழிபெயர்ப்பாளர் நம் தமிழ் ஆள்தான். காதர் பாய் கையெழுத்துக்கு மேலே பிள்ளையார் சுழியைப் பார்த்ததும், கள்ளச் சீட்டு என்று பிடித்துக்கொண்டார். எழுதிக் கொடுத்தவன் யார் என்று கேட்டு அறைந்திருக்கிறார்கள். வீரப்பன் சொன்ன பதிலை மறுநாள் பாய் வந்து என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "யாரும் எழுதிக் குடுக்கலைங்க, பயத்துல நானே எழுதிக்கிட்டேன்னு சொல்லிட்டு லோரியிலே ஏறிட்டானாம்."

சயாமுக்கு ஒரு கடிதம்

சில மாதம் கழித்து வீரப்பனின் மனைவி அஞ்சலை வந்தார். புருஷனுக்குக் கடிதம் எழுத வேண்டும். எந்த ஊர், எந்த முகாம், எதுவும் தெரியாது. அவர் பிடிபட்டது எதனால் என்றும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. நான் கோழை. காகிதத்தின் உச்சியை வெறுமையாக விட்டு, நலம் விசாரித்து எழுத ஆரம்பித்தேன்.

அஞ்சலைக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் எட்டிப் பார்த்து என் கையை நிறுத்தினார். "அண்ணே, மேலே பிள்ளையார் சுழி போடுங்க. அந்தச் சீட்டுலே நீங்க போட்டிருந்ததைத்தான் அவரு கண்ணுலே ஒத்திக்கிட்டு, இனிமே பயமில்லைன்னாரு."

சேர்த்தவனுக்கு என்ன, எழுதியவனுக்கு என்ன என்று அத்தனை விவரமாகச் சொன்ன அந்த நோட்டீஸ், அடிபடாமல் தப்பித்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டது.