ஆடிச் செவ்வாயில் வெந்த மண்டு

கொரியாக்காரர்கள் கொழுக்கட்டைக்கு வைத்திருக்கும் பெயர் மண்டு. அக்கா பொதியைப் பையிலிருந்து எடுத்து, மேலே வட்டமும் கோடுமாக அச்சடித்திருந்த எழுத்துகளில் விரலை ஓட்டி, "யாச்சே மண்டு", அதாவது காய்கறி மண்டு, என்று வாசித்தாள். அரிவாள்மணையின் முன்னால் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரட்டி மண்டுங்க?"

"உன்ன இல்லம்மா. இதுக்க பேரு."

"நல்ல பேருதான். வாங்கிட்டு வந்தவளுக்கும் பொருந்தும்."

நான் அப்போது ஏழாம் வகுப்பு. அக்கா கல்லூரி முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருந்தாள். செல்போனில் கொரியா நாடகம் பார்க்கத் தொடங்கியவள், போகப் போக நாடகத்தை விட்டுவிட்டு பாஷையைப் பிடித்துக்கொண்டாள். துணி மடிக்கும்போதும் முற்றம் பெருக்கும்போதும் வாய் எதையோ முணுமுணுக்கும். "பிள்ளைக்கு ஆரோ செய்வினை வச்சிட்டாவ" என்பாள் அம்மா. செய்வினை பலித்தது. சென்னைக்கு அப்பால் ஒரு கொரியா கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை; வீடியோவில் பேசிப் பார்த்துவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதே புதன்கிழமைக்குள், அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த இரணியல்காரர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டும் அப்பாவின் வாயிலிருந்து வரவேண்டிய பதில்கள்.

அப்பாவுக்குப் பூதப்பாண்டியில் உரக்கடை. எங்கள்மேல் ஒருநாளும் கை நீட்டியவர் இல்லை, குரலை உயர்த்தியவரும் இல்லை. பிடிக்காத பேச்சு காதில் விழுந்தால் எழுந்துபோய்ச் செருப்பை மாட்டுவார், அவ்வளவுதான். "உங்க அப்பாவுக்கு வாய் காலுல இருக்கு" என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு. கம்பெனி விஷயத்தை அம்மா இரண்டு நாள் முன்பே அவர் காதில் லேசாகப் போட்டிருந்தாள். செருப்புதான் பதில் சொன்னது.

ஆனால் அப்பா தின்றுகொண்டிருக்கும்போது எழுந்து போகமாட்டார். கொழுக்கட்டை என்றால் அவருக்கு உயிர். ஆகவே ஒரு மண்டு வாயில் இருக்கும்போது சொல்லிவிடுவது என்பது அக்காவின் திட்டம். "நான் படிச்ச பாஷைல உள்ளவங்களும் நம்மள மாதிரி கொழுக்கட்டை திங்கவங்கதான்னு அவரு பாக்கட்டும்" என்று என்னிடம் சொன்னாள். எனக்குத் திட்டம் பிடிபடவில்லை. மண்டு எப்போது கிடைக்கும் என்பது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை நாகர்கோவிலில் ஒரு பெரிய கடையின் குளிர்பெட்டியிலிருந்து அவள் அதை எடுத்தாள். பேப்பரில் சுற்றி, துண்டில் சுற்றி, வடசேரியில் பஸ் ஏறினாள். ஒழுகினசேரிப் பாலத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. எங்கள் ஊர் தாழக்குடிக்கு வந்துசேர்ந்தபோது மண்டுகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அதை அப்படியே எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் திணித்தாள். விடிந்து பார்த்தால் இருபது மண்டும் சேர்ந்து ஒரே கல்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சாரல். வீட்டுக்குள் பகலிலேயே விளக்குப் போடவேண்டியிருந்தது. மத்தியானம் அக்கா அப்பாவுக்கு ஃபோன் செய்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அப்பா, நாலு மணிக்கு வீட்டுக்கு வாங்கப்பா. கொரியாக்காரங்க திங்கக்கூடிய கொழுக்கட்டை செய்யுகேன், உங்களுக்குத்தான்."

"ம்ம்" என்றார் அப்பா. வைத்துவிட்டார்.

கல்லை உடைக்கப் போனதில் பாதி மண்டுகள் தோல் கிழிந்து, உள்ளே இருந்த முட்டைக்கோசும் சேமியாவும் வெளியே தொங்கின. அக்கா கையில் கிழிசலை வைத்துக்கொண்டு நின்றாள். அழுவாள் போலிருந்தது. அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த அம்மா இடியாப்ப மாவை எடுத்து, வெந்நீர் விட்டுக் கிண்டினாள். உள்ளேயே உப்பு இருக்கிறது என்பதால் மாவில் உப்புப் போடவில்லை. கிழிந்த ஒவ்வொன்றுக்கும் அரிசிமாவில் ஒரு சட்டை. இட்லிக் கொப்பரையில் வாழையிலை விரித்து அடுக்கினாள்.

"பாத்தியாட்டி, நோம்புக் கொழுக்கட்டை கணக்கா இருக்கு" என்று அவளே சிரித்தாள்.

ஔவையார் நோன்பு எங்கள் பக்கத்துப் பெண்களின் சொந்தச் சமாச்சாரம். ஆடிச் செவ்வாயில் உப்பில்லாமல் கொழுக்கட்டை அவித்து, கும்பிட்டு, பெண்களே தின்று தீர்ப்பார்கள். ஆண்கள் அதைத் தின்னக்கூடாது, கண்ணால் பார்க்கவும் கூடாது. மற்ற வீடுகளில் ஊரடங்கிய பிறகு செய்வது. அம்மாவுக்குக் கண் விழித்தால் தலை சுற்றும் என்பதால் எங்கள் வீட்டு ஔவை மட்டும் மத்தியானத்திலேயே வந்துபோவாள். நோன்பு அன்றைக்கு அப்பா வாசலில் நின்று இருமி, "கழிஞ்சா?" என்று கேட்டு, அம்மா முடிந்தது என்று சொன்ன பிறகுதான் உள்ளே வருவார். அந்த வருட நோன்பை அம்மா முதல் செவ்வாயிலேயே முடித்திருந்தாள்.

சரியாக நாலு மணிக்கு அப்பா வந்தார். இருமவில்லை. நேராக அடுக்களை வாசல்வரை வந்தார். அக்கா கொப்பரையைத் திறந்து முதல் மண்டுவைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். பொதியில் வந்த கருப்புச் சாறு கிண்ணத்தில் தயாராக இருந்தது. அப்பா தட்டைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"நோம்பா? எனக்குத் தெரியாதுல்லா" என்று சொல்லித் திரும்பி நடந்தார்.

எனக்கு வந்த சிரிப்பு கொஞ்சமா! அம்மாதான் என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். "ஓடுட்டி, போய் விவரத்தைச் சொல்லி விளிச்சிட்டு வா." சாரலில் ஓடித் தெருமுக்கில் அவரைப் பிடித்தேன்.

"அப்பா, அது நோம்பு இல்ல. அக்கா செய்த கொரியா கொழுக்கட்டை. பேரு மண்டு."

"செரி மக்களே."

"அப்போ வாங்க."

"பொம்பளைய நோம்பு வச்ச எடத்துல நான் வரப்பிடாது."

"நோம்பு இல்லப்பா! கிழிஞ்சதுக்கு அம்மா மாவு ஒட்டினா, அதான் அப்படி இருக்கு."

அவர் என் தலையில் விழுந்த தூறலைக் கையால் துடைத்தார். துடைத்த கையை எடுக்கவில்லை. "பாத்தா தோஷம் மக்கா" என்றார், மிக மெதுவாக. "நீ போய்த் தின்னு. நனையாத."

வீட்டுக்கு ஓடிவந்து, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "ரெண்டு தடவ சொல்லியாச்சு. அப்பாவுக்கு மண்டைல ஏறல்ல. இப்பவும் நோம்புன்னுதான் சொல்லுகாரு."

அம்மா அடுப்பை அணைத்தாள். அக்கா கொப்பரையை மூடி வைத்தாள். இருட்டுவதற்குள் கடையிலிருந்து ஃபோன் வந்தது. இரணியலுக்குச் சரி சொல்லிவிட்டாராம், நாள் பார்க்கச் சொன்னாராம். அம்மா ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு "செரி, செரி" என்றாள். அந்தப் பக்கம் அவர் வைத்த பிறகும் ஒருமுறை "செரி" என்றாள்.

மத்தியானம் அப்பா "ம்ம்" சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். அவருக்கு எதுவும் குழம்பவில்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பாவம் அப்பா, கொழுக்கட்டையும் கொழுக்கட்டையும் குழம்பிவிட்டது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகளிடம் அதையே வேடிக்கைக் கதையாகவும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அக்கா தட்டில் எட்டு மண்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றைக் கடித்து, மென்று விழுங்கினாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள். எனக்கென்று கொடுத்த ஆறோடு அந்த ஏழும் சேர, பதின்மூன்று. எதற்கும் அம்மா வந்து பங்கு கேட்டுவிடக்கூடாதே என்று, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து வேகவேகமாகத் தின்றேன்.