நின்றபடி ஒரு கூட்டம்

கற்பிட்டியில் றம்ஸியாவைப் பற்றிக் கேட்டால் "பாவம், வாய் திறக்காத பிள்ளை" என்பார்கள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்தவள் சொல்கிறேன், அவளிடம் கவனமாக இருங்கள்.

எங்கள் இறால் கம்பனியில் கணினி பழுதானால் கூப்பிடும் பிரிவில்தான் இருவருக்கும் வேலை. கணினி நின்றால் பில் வராது. இறால் லொறி வாசலில் வெயில் காயும். எங்கள் மேலாளர் டிலான் கொழும்பில் பயிற்சிக்குப் போய், வேலையை வேகப்படுத்தும் முறையாம், 'அஜைல்' என்ற சொல்லோடு திரும்பினார். அன்றிலிருந்து தினமும் காலையில் நின்றபடி கூட்டம். நிற்பது நாங்கள். அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு ஒரு மணித்தியாலம் பேசுவார். தொலைபேசி அடித்தாலும் எடுக்கக்கூடாது.

றம்ஸியாவுக்கு அப்போது ஏழு மாதம். கால் வீங்கிச் செருப்புக்குள் போகாது. ஒருநாள், "சேர், கொஞ்சம் இருக்கட்டா?" என்று கேட்டாள்.

"ஏலாதெண்டா வீட்டில இருங்க" என்றார் அந்த மனிசன்.

அடுத்த கிழமை அதே கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். பிள்ளை குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தது. டிலான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கல்நெஞ்சன்.

பிரசவ விடுமுறையில் றம்ஸியா அஜைல், அதுபோல லீன் என்ற இன்னொரு வேலைமுறை எல்லாம் தேடிப் படித்தாள். கூட்டம் கால் மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்றுதான் அஜைலில் நிற்கச் சொல்லியிருக்கிறதாம். சேவைக்காக ஆட்களைக் காக்கவைப்பது வீண், அதை முதலில் வெட்டு என்கிறதாம் லீன். "அவருக்கிட்ட சொல்லிராதீங்க ராத்தா" என்றாள் என்னிடம்.

அவள் திரும்பி வந்ததும், எங்கள் புதிய முறையைப் பார்க்கக் கொழும்பிலிருந்து பணிப்பாளர் அம்மா வந்தார். டிலான் எங்களோடு நிற்கப் போனார். றம்ஸியா கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இருங்க சேர். வழமபோல நடத்துவோம்."

பழக்கதோஷம், இருந்துவிட்டார். பேச்சும் தொடங்கியது. பணிப்பாளர் அம்மாவும் நின்றார். தொலைபேசி அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. வாசலில் லொறிக்காரன் ஹோர்னை அமுக்கினான்.

"ஏன் போன் எடுக்கிறீங்க இல்ல?" என்று கேட்டார் அம்மா.

"கூட்டம் முடியிறவரைக்கும் எடுக்கப்படாது மேடம். ஒரு மணித்தியாலம் போகும்" என்றாள் றம்ஸியா.

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம் மேடம். வயித்துப் பிள்ளையோட நிண்டு, இந்த இடத்திலதான் நான் விழுந்த."

டிலான் எழுந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

பின்னேரமே பிரிவின் பொறுப்பு றம்ஸியாவின் கைக்கு வந்தது. டிலானை வேறு கிளைக்கு மாற்றிவிடுவதாக அம்மா சொன்னார்.

"வேணாம் மேடம்" என்றாள் றம்ஸியா. "அவரு என்ட பிரிவிலயே இருக்கட்டும். நாளைக்குக் காலையில கூட்டத்துக்கு வரோணும்."